ஒரு சாதனம் இணைந்துள்ளது

காலை ஐந்தரைக்கு அப்பா மோட்டார் போட்டார். தொட்டி நிறைந்ததும் நிறுத்தினார். பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்தார். பொங்குவதற்கு முன் அணைத்தார். ஆறரைக்குத் தரணியை எழுப்பினார். ஏழு மணிக்குச் சுபி எழுந்தாள்.

சுபிக்குத் தலை பின்ன அப்பாவுக்கு இப்போது எட்டு நிமிடம் ஆகிறது. போன ஆவணியில், அம்மா இறந்த புதிதில், இருபது நிமிடம் ஆனது. அப்போது இரண்டு சடையும் ஒரே உயரத்தில் வராது. இப்போது வருகிறது.

ஏழரைக்குத் தரணி சார்ஜரைக் கழற்றிவிட்டு டேப்லெட்டைத் தங்கையிடம் கொடுத்தாள். அதுவும் தினமும் நடப்பதுதான்.

அந்த டேப் அம்மாவுடையது. அம்மா ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தார். வெளிநாட்டு ஆர்டர்களின் டிசைன்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்காக எட்டு வருடத்துக்கு முன் அதை வாங்கினார். அன்றைக்குக் கடையில் இருந்தவற்றிலேயே விலை கூடியது அதுதான். திரையில் நிறங்கள் இன்றும் பளிச்சென்று தெரியும். சத்தமும் துல்லியமாக வரும். ஆனால் ஒரு மூலையில் விரிசல். நான்கு வருடமாக அப்டேட் எதுவும் வருவதில்லை. முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் இரண்டு மணி நேரம்தான் தாங்கும்.

சுபஸ்ரீ என்கிற சுபிக்கு ஆறு வயது. வாயால் பேச வராது. டேப்பில்தான் பேசுவாள். திரையில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னப் படங்கள் இருக்கும். டம்ளர் படத்தைத் தொட்டால் “தண்ணி வேணுங்க” என்று குரல் வரும். ஊஞ்சல் படத்தைத் தொட்டால் “ஆட்டி விடுங்க” என்று வரும். எல்லாமே அம்மாவின் குரல். ஒவ்வொரு படத்துக்கும் அம்மாவே பேசிப் பதிந்து வைத்திருந்தார். பிள்ளை யாரிடமும் மரியாதைக் குறைவாகப் பேசிவிடக் கூடாது என்று எல்லாவற்றிலும் ஒரு ‘ங்க’ சேர்த்திருந்தார். எவ்வளவு கோபம் வந்தாலும் சுபியால் “போங்க” என்றுதான் திட்ட முடியும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எட்டேகாலுக்குச் சாரதாமணி அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. கையில் ஒரு கடை விளம்பரத் தாள் இருந்தது. பழைய டேப்பைக் கொடுத்தால் புது டேப்பில் விலை குறைப்பார்களாம். இன்றுதான் கடைசி நாளாம்.

“அம்மா குரல் புதுசுல வருங்களா அத்தை?” என்று தரணி கேட்டாள்.

வராது. அத்தை அதையும் கடையில் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். இந்தப் பழைய செயலி புது டேப்களில் ஓடாதாம். வேறு செயலி இருக்கிறதாம். அதில் கம்ப்யூட்டர் குரல் பேசுமாம்.

“பேசறதுக்குத்தானே கண்ணு. யாரு குரலா இருந்தா என்ன? போன வாரம் பள்ளிக்கூடத்துல இது நின்னு போச்சு. புள்ள தண்ணி கேக்க முடியாம சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்துச்சு. மறந்துட்டியா?”

தரணி மறக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா விளம்பரத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து மணிக்குப் போய் மாத்திட்டு வந்துடலாம்” என்றார்.

சுபி தரையில் உட்கார்ந்து டேப்பில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எட்டு ஐம்பதுக்குத் தரணி மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தாள். சுபி அங்கே இல்லை. டேப்பும் இல்லை. வாசலில் அவளுடைய சிவப்புச் செருப்பும் இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். குளியலறையில் பார்த்தார்கள். பக்கத்து வீடுகளில் கேட்டார்கள். அத்தை தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கே இருந்தாலும் சுபியால் பதில் சொல்ல முடியாது என்பது மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

சுபிக்குப் பஸ் பார்க்கப் பிடிக்கும். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் போனார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

தரணி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐந்து.

ஏழரைக்குக் கழற்றிய டேப். ஒன்பதரைக்கு நின்றுவிடும். நின்றுவிட்டால் சுபி வழியில் யாரிடமும் வீடு எங்கே என்று கேட்க முடியாது. தன் பேரைக்கூடச் சொல்ல முடியாது. இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது.

வீட்டில் வைஃபை கிடையாது. அப்பா தன் போனில் ஹாட்ஸ்பாட் போடுவார். டேப் தானாகவே அதில் சேர்ந்துகொள்ளும். போன் திரையில் ‘ஒரு சாதனம் இணைந்துள்ளது’ என்று வரும். ஹாட்ஸ்பாட் எட்டுவது நான்கைந்து வீட்டு தூரம்தான். அப்படியானால் அந்த எழுத்து எங்கே வருகிறதோ, அதற்குப் பக்கத்தில்தான் டேப் இருக்க வேண்டும்.

அத்தையின் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பைக் ஓட்டிக்கொண்டிருப்பார்.

தரணி அத்தையின் போனிலேயே ஹாட்ஸ்பாட்டைத் திறந்தாள். அப்பா போனில் என்ன பேரோ அதே பேரை வைத்தாள். அதே கடவுச்சொல்லையும் போட்டாள். பேரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தால் போதும். இது அப்பா போனா, அத்தை போனா என்று டேப் பார்க்காது.

“புள்ளையத் தேடற நேரத்துல போனை நோண்டிட்டு நிக்கற” என்றார் அத்தை.

“புள்ளையைத்தான் தேடறேனுங்க அத்தை.”

திரையில் ‘இணைந்தவை: 0’ என்று இருந்தது.

தெரு முனைக்கு வந்தார்கள். இடது பக்கம் போனால் மெயின் ரோடு. வலது பக்கம் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகள் இருக்கும் சந்து. அத்தை இடது பக்கம் திரும்பினார். பிள்ளைகள் கடை இருக்கும் பக்கம்தான் போகும் என்றார்.

தரணி நின்றாள். சுபிக்கு ஹாரன் சத்தம் ஆகாது. அப்பா கூட வந்தால்தான் பஸ்ஸையே பார்ப்பாள். தனியாக அந்தப் பக்கம் போக மாட்டாள்.

“அவ வேடிக்கை பாக்கப் போகலீங்க அத்தை. ஒளிஞ்சிருக்கா.”

“எதுக்குக் கண்ணு ஒளியணும்?”

“நாம பேசினதெல்லாம் அவளுக்குக் கேட்டுச்சுங்க.”

அத்தை வலது பக்கம் திரும்பி நடந்தார்.

மெதுவாக நடக்க வேண்டும் என்று தரணி சொன்னாள். வேகமாகப் போனால் டேப் சேர்வதற்குள் கடந்து போய்விடுவோம். பத்து அடி நடப்பார்கள். நிற்பார்கள். திரையைப் பார்ப்பார்கள். பூஜ்யம். மறுபடி பத்து அடி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதிக் கம்பெனிகள் பூட்டியிருந்தன. பூட்டிய ஒவ்வொரு கதவையும் அத்தை தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பது பன்னிரண்டு. ஒன்பது பதினைந்து. பூஜ்யம்.

வேஸ்ட் குடோன் பக்கம் வந்தபோது மணி ஒன்பது பதினெட்டு. கம்பெனிகளில் பனியன் வெட்டிய பிறகு மிச்சமாகும் துண்டுத் துணிகளை மூட்டை கட்டி வைக்கும் இடம் அது. வாசலில் ஒரு டெம்போ நின்றது. அதில் மூட்டைகளை ஏற்றி மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள்.

தரணி திரையைப் பார்த்தாள்.

‘ஒரு சாதனம் இணைந்துள்ளது.’

அத்தையிடம் காட்டினாள். அத்தை போனையே சுபியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

குடோனுக்குள் ஓடினார்கள். உள்ளே கூரை வரை துணிக் குவியல்கள். வெள்ளை ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம். நடுவில் உட்கார்ந்து அனுசுயா என்கிற அக்கா துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். குழந்தை யாரும் வரவில்லையே என்றார். கேட்டதும் எழுந்து அவரும் தேடினார். மூவரும் குவியல்களுக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். துணி மட்டும்தான் வந்தது.

வெளியே டெம்போ கிளம்பும் சத்தம் கேட்டது.

தரணி திரையைப் பார்த்தாள். ஒன்று. சத்தம் தேய்ந்துகொண்டே போனது. ஒன்று. பிறகு பூஜ்யம்.

டேப் நின்றுவிட்டதா? அல்லது போய்விட்டதா?

நின்று யோசிக்க நேரமில்லை. தரணி வெளியே ஓடினாள். டெம்போ சந்தில் ஏழெட்டு வீட்டு தூரம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. போனை முன்னால் நீட்டிக்கொண்டே ஓடினாள். பூஜ்யம். காலில் கல் குத்தியது. பூஜ்யம். சந்து முனையில் துணி ரோல் ஏற்றிய வேன் ஒன்று ரிவர்ஸில் திரும்பிக்கொண்டிருந்தது. டெம்போ வேகத்தைக் குறைத்தது. தரணி நெருங்கினாள்.

ஒன்று.

“அத்தை, வண்டிக்குள்ள இருக்கா.”

அத்தைக்கு மூட்டுவலி. மாடிப்படி ஏறுவதற்கே இரண்டு முறை உட்காருவார். அந்த அத்தை சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தரணியைத் தாண்டி ஓடினார். வேன் விலகி வழி விட்ட அதே நேரத்தில் டெம்போவுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார்.

டிரைவர் ஜெயபாண்டி தலையை வெளியே நீட்டினார்.

“என்னக்கா, வண்டிக்கு முன்னால வந்து நிக்கிறீக?”

“எங்க புள்ள உள்ள இருக்குதுங்க. எறங்குங்க.”

மூட்டைகளை ஏற்றியதே தான்தான் என்றார் ஜெயபாண்டி. ஏற்றும்போது எந்தப் பிள்ளையும் இல்லை என்றார். இந்த லோடு உடுமலைப்பேட்டை மில்லுக்குப் போக வேண்டும், ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்றார். தரணி போனைக் காட்டினாள். அவருக்கு அது புரியவில்லை. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தார். சற்று யோசித்தார்.

“நடுவுல டீ குடிக்கப் போனேன். பின்கதவு தெறந்துதேன் கெடந்துச்சு” என்று மெதுவாகச் சொன்னார்.

இறங்கிப் பின்னால் வந்தார். கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு ஒன்று சிக்கிக்கொண்டது. பல்லால் இழுத்து அவிழ்த்தார். தார்ப்பாயைத் தூக்கினார். முதல் மூட்டையைக் கீழே தள்ளினார். இரண்டாவதைத் தள்ளினார். ஐந்தாவது மூட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன இடுக்கு இருந்தது.

அங்கே சுபி உட்கார்ந்திருந்தாள்.

முகமெல்லாம் வேர்வை. முடியில் பச்சைத் துணித் துண்டு ஒட்டியிருந்தது. டேப்பைச் சட்டைக்குள் விட்டு இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். அழவில்லை.

ஜெயபாண்டி அவளைத் தூக்கப் போனார். வேண்டாம் என்று தரணி கையைக் காட்டினாள். அவளே ஏறிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். டேப்பைக் கேட்கவில்லை. சுபியும் கொடுக்கவில்லை. அக்காவின் விரலை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கீழே நின்ற அத்தையைப் பார்த்தாள். டேப்பை வெளியே எடுத்து ஒரு படத்தைத் தொட்டாள்.

“போங்க” என்றது அம்மாவின் குரல்.

அத்தை சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

“போறேன் சாமி. உன்னைக் கேக்காம பேசிட்டேன். தப்புதான்.”

பைக் சத்தம் கேட்டது. அனுசுயா அக்கா போன் செய்து சொல்லியிருந்தார். அத்தை ஓடும்போதே நம்பரைக் கத்திவிட்டுத்தான் ஓடியிருக்கிறார். அப்பா பைக்கை நிறுத்தினார். ஸ்டாண்டு போட மறந்தார். ஜெயபாண்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா வண்டியில் ஏறிச் சுபியைத் தூக்கினார். முடியில் ஒட்டியிருந்த துணித் துண்டை எடுத்துப் போட்டார்.

“அப்பா, பேட்டரியை மட்டும் மாத்த முடியுங்களான்னு கேக்கலாமா?” என்றாள் தரணி. “மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்குது.”

“கேக்கலாம்” என்றார் அப்பா. “இன்னைக்கே கேக்கலாம்.”

அன்று நடந்ததைப் பற்றி அந்தப் பகுதியில் இப்போது பல கதைகள் உலவுகின்றன. சுபி தன்னைப் பார்த்துக் கடைசியில் “அத்தை” என்று சொன்னதாகச் சாரதாமணி அத்தை எல்லோரிடமும் சொல்கிறார். ஜெயபாண்டியைக் கேட்டால், தனக்கு நன்றி சொன்னதாகச் சொல்வார். வண்டி பக்கமே வராத அனுசுயா அக்கா, சுபி அப்பாவைக் கட்டிக்கொண்டு என்னென்னவோ பேசியதாகச் சொல்கிறார்.

அப்படியெல்லாம் இல்லை. தரணி பக்கத்திலேயே நின்றாள். மணி ஒன்பது இருபத்தொன்பது. அப்பாவின் தோளில் இருந்தபடியே சுபி திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே சிவப்புக் கோடு மெலிதாகத் தெரிந்தது. ஒரு சதவீதம். அவள் அவசரமாக ஒரு படத்தைத் தொட்டு, டேப்பை அப்பாவின் காதோரம் பிடித்தாள்.

“சார்ஜ் போடுங்க.”