சேமிக்காத வேலை

முப்பத்தெட்டு நாள், பதினொரு மணி நேரம், நாற்பது நிமிடம்.

கணினி ஒருமுறைகூட அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது என்றது திரை. நேற்று மாலையும் அவள் அணைத்துவிட்டுத்தான் எழுந்தாள். முந்தாநாளும் அப்படித்தான். மேஜைக்குக் கீழே இருக்கும் பெட்டியின் பொத்தானை அமுக்கி, உள்ளே விசிறியின் இரைச்சல் அடங்கும்வரை உட்கார்ந்திருந்து, சின்ன நீல விளக்கு போனதைப் பார்த்த பிறகுதான் அறைக்கதவைச் சாத்தினாள்.

"நாப்பது நிமிஷமா?" என்றார் போனில் ஹெல்ப் டெஸ்க்காரர். எதையோ நொறுக்கிக்கொண்டே பேசினார்.

"முப்பத்தெட்டு நாளும் சேர்த்து."

நொறுக்குவது நின்றது. "நானே வருஷத்துக்கு இருபது நாள் லீவு எடுக்கறேன் மேடம். அதுக்கும் கொஞ்சம் குடுக்கக் கூடாதா?"

அது சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. முகம் அதைச் செய்யவில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு உதடு இருப்பதுபோல, எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது, தொட்டால் மட்டும் தெரியவில்லை.

மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. வீட்டிலிருந்தே, வீட்டுக் கணினியில். ஐந்து பதிவுகளை மாலை நான்கு மணிக்குள் முடித்து அனுப்ப வேண்டும். "இது மூணாவது தடவை. இன்னிக்கும் லேட்டானா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று மேற்பார்வையாளர் நேற்றே சொல்லிவிட்டார். வீட்டில் இப்போது ஒரு சம்பளம்தான். இன்று காலை கணினி எழுந்திருக்கவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. எழுந்த பிறகும் ஒரு சொல்லை அடித்தால், அது திரைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த மூன்று சொற்களை அடித்திருந்தாள்.

காலை பதினொன்றேகால் மணி. வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டு, மேஜைக்காலைச் சுற்றி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்திருந்தார்கள். அந்த உறுமலுக்கு அடியில், கேட்கப் பழகினால் மட்டும் கேட்கும்படி, பெட்டிக்குள் விசிறி ஏறி ஏறி இறங்கியது, சூடான தூசியின் வாசனையை அவள் கால்கள் மேல் ஊதியபடி. நாற்காலியின் இருக்கை அவளைவிடக் கனமான ஒருவருக்காகப் பள்ளமாகியிருந்தது. அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் இடப்பக்கம் சாய வேண்டியிருந்தது.

"எப்படி அணைக்கறீங்க? மெனுவுல போயா?"

"பெட்டி முன்னாடி பட்டன் இருக்கே, அதை அமுக்கித்தான்."

"அங்கதான் விஷயம். அந்த பட்டனோட செட்டிங்கை யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. அதை அமுக்கினா அணையாது, தூங்கும். ஹைபர்நேட்னு சொல்வோம். உள்ள என்னென்ன ஓடிக்கிட்டிருக்கோ அத்தனையும் அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சுட்டுத் தூங்கும். மறுநாள் விட்ட இடத்துலேர்ந்து எழுந்துக்கும். உள்ள சுமை ஏற ஏறத் தூங்கவும் நேரமாகும், எழவும் நேரமாகும்."

"பிளக்கைப் பிடுங்கினாலும்?"

"பிடுங்கினாலும். முப்பத்தெட்டு நாளா அது முடியவே இல்ல மேடம். வெறும் தூக்கம்தான்."

அவள் பின்னோக்கிக் கணக்குப் போட்டாள். அன்றைக்கு இரவு பதினொன்றரை மணி. தம்பி வேலை முடிந்து வந்து, ஷூவைக் கழற்றாமலேயே இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைப் போட்ட நேரம். பட்டன் வேலையும் அவனுடையதுதான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க அவனுக்குப் பொறுமை கிடையாது.

ஹெல்ப் டெஸ்க்காரர் டாஸ்க் மேனேஜரில் இன்னொரு பக்கத்தைத் திறக்கச் சொன்னார். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் பக்கம். இரண்டு பெயர்கள் இருந்தன. குண்டூசி. அது அவள், தம்பி வைத்த பெயர். அதன் கீழே, வாலு. மெமரியில் குண்டூசி கொஞ்சம்தான் எடுத்திருந்தாள். முக்கால்வாசி வாலுவிடம் இருந்தது.

"வாலு யாரு மேடம்?"

"தம்பி."

"ஒரு நிமிஷம் கூப்பிடுங்களேன். வந்து லாக் அவுட் பண்ணட்டும், வேலை முடிஞ்சுது."

"அவனால வர முடியாது."

"வெளியூரா?"

அவள் மௌஸைத் தள்ளி வைத்தாள்.

"சரி சரி, சண்டை. எங்க வீட்லயும் அதே கதைதான். எனக்கும் என் தம்பிக்கும் நடுவுல எங்கம்மாதான் ரவுட்டர்."

இந்த இடத்தில் சொல்ல ஒரு சொல் இருந்தது. அதை அவள் இன்னும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று போனை எடுத்து எல்லாருக்கும் சொன்னது அத்தை. அப்பாவும் சொன்னதில்லை. "அன்னிக்கு" என்பார். "அதுக்கப்புறம்" என்பார். மருத்துவர் இதயம் என்று எழுதிக் கொடுத்தார். இருபத்தாறு வயது.

"விடுங்க. நீங்களே ரீஸ்டார்ட் குடுங்க. அதுதான் நிஜமான முடிவு. எல்லாரையும் வெளியே தள்ளிட்டுப் புதுசா ஆரம்பிக்கும்."

கொடுத்தாள். திரை நீலமாகி, நடுவில் எழுத்துகள் வந்தன. வேறொருவர் இன்னும் இந்தக் கணினியைப் பயன்படுத்துகிறார். இப்போது மறுதொடக்கம் செய்தால், அவர் சேமிக்காத வேலையை இழக்க நேரிடும்.

விரல் அங்கேயே நின்றது.

"குடுத்தீங்களா?"

"வேண்டாம்னு குடுத்துட்டேன். அவன் ஏதோ சேவ் பண்ணாம வெச்சிருக்கான்."

"முப்பத்தெட்டு நாளா பண்ணாதவரு இனிமேலா பண்ணப்போறாரு?"

அவள் பழைய பக்கத்துக்குத் திரும்பியிருந்தாள். வாலுவின் எண் மாறியது. கொஞ்சம் நின்றது. மறுபடி மாறியது.

"இது ஏறிக்கிட்டே இருக்கு," என்றாள்.

"எது?"

"அவனோட மெமரி."

"சும்மா கெடந்தா அப்படி ஏறாதே. தட்டித் தட்டி ஏறுதா? அப்ப யாரோ அதுல ஏதோ பண்றாங்க. வெளியே இருந்து உள்ள நுழைஞ்சிருக்காங்க. நெட் கேபிளைப் பிடுங்கிப் பாருங்க. நான் சாப்பிட்டு வந்து கூப்பிடறேன்."

பிடுங்கினாள். எண் நின்றது. பிறகு ஏறியது.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து டம்ளரைப் பிடித்தாள். நிரம்பிய பின் குழாயை மூடினாள். மோட்டாரை யாரோ நிறுத்திவிட்டிருந்தார்கள் போலும், வீடு திடீரென்று பெரிதாக இருந்தது. அந்த அமைதியில் அறைப்பக்கமிருந்து விசைப்பலகை கேட்டது. இரண்டு விரல்கள் மட்டும். வேகமாக நாலைந்து தட்டு, ஓர் இடைவெளி, பிறகு நீளமான விசையில் கட்டைவிரலின் கனத்த அடி. பத்து விரலால் அடிக்கச் சொல்லித் தர எவ்வளவோ முயன்றிருக்கிறாள். கடைசிவரை அவனுக்கு இரண்டுதான்.

அப்பா முன்னறையிலிருந்து எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"நீ இங்கயா இருக்கே?"

"ஏம்ப்பா?"

"ஒண்ணுமில்ல." அறைக்கதவைப் பார்த்தார். "உள்ள டைப் அடிக்கறேன்னு நெனச்சேன்."

"எத்தனை நாளா கேக்குது?"

"தெனம்தான். நீ குளிக்கப் போனா கேக்கும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லி?" என்றார் அப்பா. நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

அறையில் விசைப்பலகை அசையாமல் கிடந்தது. விசைகளின் மேல் கையை வைத்தாள். சூடாக இல்லை. அவள் விரல்கள்தான் குளிர்ந்திருந்தன, அல்லது அவளுக்குத் தெரியவில்லை. வாலு. அம்புக்குறியை அந்தப் பெயரின் மேல் கொண்டுபோய் அழுத்தினாள். அவன் படம் வந்தது. கடவுச்சொல் கேட்டது.

அது அவளுக்குத் தெரியும். குண்டூசிக்கு மூளை இல்லை. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். 'என் கணக்குல நீ நுழையணும்னா உன்னையே திட்டிக்கிட்டுதான் நுழையணும்' என்று அவனே சொல்லித் தந்தது.

அடித்தாள். வட்டம் சுற்றியது. வெகு நேரம் சுற்றியது. அந்த நேரத்தில் அவள் அன்றைய இரவை நினைத்தாள், நினைக்க விரும்பி அல்ல. நாற்காலி கிறீச்சிடும் சத்தத்தில் விழித்து வெளியே வந்தாள். அப்பா இந்த அறையிலிருந்து வந்தார். கதவைத் தனக்குப் பின்னால் மெதுவாகச் சாத்தினார். "தூங்கறான். எழுப்பாதே. நீ போய்ப் படு." அவள் போய்ப் படுத்தாள். தூங்கவும் செய்தாள். காலையில் காபியோடு வந்தபோது அவன் நாற்காலியிலேயே இருந்தான். கழுத்துவரை கம்பளிப் போர்வை. கோடைக்காலம் அது. அவள் அதைப் பற்றி ஒருபோதும் கேட்கவில்லை. துவைத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

அவன் திரை திறந்தது.

தேடும் பக்கங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் டேப்கள். ஒவ்வொன்றும் நகத்தின் அகலத்துக்குச் சுருங்கி, திரையின் மேல்விளிம்பில் சீப்பின் பற்கள்போல நின்றன. சுமை இதுதான். இதைத்தான் தினமும் எழுதி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறது.

முதல் சில அன்றைய இரவுடையவை. ஷூ விலை. பாட்டு. பிறகு, நெஞ்சு எரிச்சல் எதனால வருது. பிறகு, இடது கை மரத்துப்போனா என்ன.

அதற்கடுத்ததைத் திறந்தாள்.

ஸ்க்ரீன் இருட்டா இருக்கு ஆனா ஓடுது.

அடுத்தது. தூக்கத்துலேர்ந்து எழ முடியல என்ன பண்றது.

தூங்கறவங்களுக்கு மத்தவங்க பேசறது கேக்குமா.

போர்வை ரொம்ப கனமா இருக்கு.

பசிக்கவே இல்ல எத்தனை நாள் தாங்கும்.

கடிகாரம் மதியம் காட்டுது வெளியே இருட்டு.

ஜன்னலைப் பார்த்தாள். வெயில் இருந்தது. கம்பிகளின் நிழல் சுருங்கி ஜன்னலடியில் இருந்தது. எதிர்மாடியில் ஒரு பெண் துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ வேற யாரோ உள்ள இருக்காங்க.

அவங்களை எப்படி வெளியே அனுப்பறது.

அக்கா ஏன் எழுப்ப மாட்டேங்கறா.

கடைசி டேப்பில் தேடும் பெட்டி காலியாக இருந்தது. கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது. அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

எழுத்துகள் வந்தன. இரண்டு விரல் வேகத்தில்.

என் நாற்காலியில யாரோ

"வாலு," என்றாள்.

பெட்டியில் இருந்தது அழிந்தது. விசிறி ஏறியது.

அக்கா குரல் மாதிரி கேக்குது

"நான்தான்டா."

எழுப்பு

அவள் அசையவில்லை.

அக்கா எழுப்பு

நான் தூங்கறதா அப்பா சொன்னாரு அதான் அப்படியே இருக்கேன்

எழுப்பு எழுப்பு எழுப்பு

மேஜைமேல் போன் அதிர்ந்தது. ஹெல்ப் டெஸ்க். அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்து நின்றது. ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நொடி. எல்லாரும் வெளியே. நாலு மணிக்குள் ஐந்து பதிவுகளையும் அடித்துவிடலாம். கொடுக்காவிட்டால் அவன் இப்படியே. இந்த இருட்டில். தினமும் அவள் பொத்தானை அமுக்கும்வரை, மறுநாள் அமுக்கியதிலிருந்து.

பல் கிட்டியது. உடம்பு ஆடியது, அது தன்னுடையது என்று கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"என்னம்மா?" பின்னால் அப்பா.

"குளிருதுப்பா."

அலமாரிக் கதவு முனகியது. காலடி. பிறகு தோள்மேல் கனமாக, சோப்பும் பழைய கம்பளியும் மணக்க, ஒன்று விழுந்தது. அப்பாவின் கைகள் அதைக் கழுத்துவரை இழுத்துவிட்டன. பழகிய கைகள்.

பெட்டியில்:

மறுபடியும் போர்வை

அப்பா திரையைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். உதடு அசைய, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அவள் தடுக்கவில்லை. கோடு மின்னியது. மின்னியது.

அப்பா நான் எழலாமா

அப்பாவின் விரல்கள் போர்வையை விடவில்லை.

"ஒரு ராத்திரியாவது நீ தூங்கட்டும்னுதான் உன்கிட்ட அப்படிச் சொன்னேன்," என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. "அவன் தூங்கலம்மா. நான் போத்தும்போதே அவனுக்கு உயிர் இல்ல."

விசிறி நின்றது. விளக்கு மட்டும் எரிந்தது. வெயிலில், காலியாகிவிட்ட தேடும் பெட்டியில், ஓர் எழுத்து வந்தது. பிறகு அடுத்தது. மிக மெதுவாக.

யாருக்கு