பிடுங்கிய பிறகும் ஓடியது

நோர்வூட்டில் கரண்ட் வேலை பார்க்கும் ஸஃப்வான், தேயிலை மலையோரம் நின்ற, அடுப்பும் கட்டிலும் வைத்த சுற்றுலா வேனின் வெளி வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே ஏறினான். ஆனாலும் அதன் சின்ன பிரிட்ஜ், நெஞ்சில் சளி கட்டியவர் மூச்சிழுப்பதுபோல, கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

பேட்டரியில் ஓடுகிறதாக்கும் என்று நினைத்தான். நனைந்த கம்பளி வாடையும் புளித்த பால் வாடையும் மூக்கை அடைக்க, மத்தியானமே இறங்கிய மூட்டம் ஜன்னல்களுக்கு வெள்ளையடித்திருக்க, இருக்கைக்கு அடியில் குனிந்து பேட்டரியைக் கழற்றி, கதவருகே நின்ற டிரைவர் முத்துலிங்கத்திடம் நீட்டினான்.

"என்னா நானா, பிரிட்ஜ் ரிப்பேரா, இல்ல உள்ளுக்கு உக்காந்து கூலிங் வாங்குறீங்களா?" அண்ணன் முறை வைத்தே முத்துலிங்கம் கேலி செய்தார்.

"வயரையும் புடுங்கியாச்சு, பேட்டரியும் உங்க கையில. இது எதுல ஓடுதுண்ணே?"

"அத நீங்கதான் சொல்லணும்! வெள்ளக்காரவுங்க அருவி பாத்துட்டு வர்றதுக்குள்ள முடிங்க. நான் பிளேன்டி கொண்டாரேன்."

அவர் தேநீர் எடுக்கப் போனதும் கதவு தானாக இழுபட்டு மூடியது.

ஸஃப்வான் டெஸ்டரை பிரிட்ஜில் வைத்தான். சிவப்பாக எரிந்தது. அடுப்பில் வைத்தான், தண்ணீர்க் குழாயில் வைத்தான், எரிந்தது. கதவின் கைப்பிடியிலும் எரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அதைத் திருகப் பார்த்தான். கரண்ட் அடித்த அடியில் கட்டிலில் போய் விழுந்தான்.

கண்ணாடியை உடைக்கச் சுத்தியலை எடுத்தான். விரல்கள் மடங்கவில்லை. குளிர். முழங்கை வரை குளிர். அவன் மூச்சை இழுக்கும்போது வேனின் கூரையில் எரிந்த பல்ப் மங்கியது. விட்டபோது தெளிந்தது.

டெஸ்டரைத் தன் மணிக்கட்டில் வைத்தான்.

எரிந்தது.

யா அல்லாஹ்.

வெளியே செருப்புச் சத்தம். "கதவ ஏன் பூட்டினீங்க நானா? பிளேன்டி ஆறுது."

தொடாதீங்க. கத்தினான். காற்றுதான் வந்தது. தொடாதீங்கண்ணே.

கைப்பிடி பாதி திரும்பியது. நின்றது. கோப்பை கல்லில் விழுந்து உடைந்தது.

பல்ப் பளீரென்று எரிந்தது. ஸஃப்வானின் விரல்களில் சூடு ஏறியது. கால்களில். நெஞ்சில். இதமாக.

"கைய எடுங்கண்ணே." இப்போது குரல் நன்றாக வந்தது.

கை எடுபடவில்லை. கதவும் திறக்கவில்லை. முத்துலிங்கத்தின் முகம் கதவுக் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. கண்கள் அவனையே பார்த்தன. அவர் மூச்சு கண்ணாடியில் ஒரு தட்டு அளவுக்குப் பூத்தது. பிறகு ஒரு காசு அளவுக்கு.

பிரிட்ஜ் சீராக, சத்தமே இல்லாமல் ஓடியது.