விழிவில்லையைக் கழற்றியபின்

காலை ஏழு மணிக்கே வேளச்சேரி விழியாட்டக் கூடத்தின் முன் வரிசை சேர்ந்துவிடும். எதிரே வாட்டர்பஸ் நிறுத்தம். அங்கே டீ, இங்கே விபத்தின் அச்சத்தைக் கண்ணசைவால் தணிக்கும் எங்கள் ஒளித்தண்டு. விபத்தில் சிக்கியவர்கள் அச்சம் தணியும்வரை எந்த வண்டியையும் ஓட்டக்கூடாது என்பது சட்டம். கடல் ஊருக்குள் குடிவந்தபின் போட்ட சட்டங்களில் உருப்படியானது இது ஒன்றுதான்.

தணிகைவேல் வாட்டர்பஸ் ஓட்டுநர். போன புயலில் அவர் மனைவி கயல்மொழி படகிலிருந்து விழுந்து மூழ்கிவிட்டார். இவர் எட்டிப் பிடித்தும் அவர் கை நழுவிவிட்டது. அந்தக் காட்சியை மனத்தில் நிறுத்தி, ஒளித்தண்டில் இடமும் வலமுமாக ஓடும் ஒளிப்புள்ளியைத் தணிகைவேல் கண்ணால் தொடர வேண்டும். நடுநடுவே நிறுத்தி, என்ன தோன்றுகிறது என்று கேட்பேன். அழுகை வரலாம், கனவுகள் வரலாம். பெரும்பாலோருக்குச் சில அமர்வுகளில், அவர்களே பத்துக்கு இத்தனை என்று சொல்லும் வேதனை பத்திலிருந்து இறங்கத் தொடங்கும். இவருக்கு மட்டும் பத்து பத்தாகவே உட்கார்ந்திருந்தது. எனக்குப் பொறுமை குறைச்சல். கருவியைத் திட்டித் தீர்த்தேன்.

ஒருநாள் கருவியின் திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைக் குனிந்து பார்த்தேன். ஒளி ஓடுகிறது, கருவிழி ஆடவே இல்லை.

"அண்ணா, விழிவில்லையைக் கழட்டலையா?"

படகு ஆடினாலும் காட்சியை ஆடாமல் பிடித்துத் தரும் லென்ஸ் அது. ஓட்டுநர்கள் எல்லோரும் அணிவார்கள். அதைப் போட்டிருந்தால் ஒளிப்புள்ளி நடுவிலேயே நிற்கும், கண்ணுக்கு வேலையே இல்லை. மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"வேணும்னுதான் போட்டுக்கிட்டேன், ஜெசிந்தா மேடம். அவ கை நழுவுனதுதான் கடைசியா எங்கிட்ட இருக்குது. அதையும் அழிச்சிட்டீங்கன்னா நான் எதைப் புடிச்சிக்கிட்டு இருப்பேன்?"

நினைவு அழியாது என்று முதல் நாளே விளக்கியிருந்தேன்தான். துக்கத்தில் இருப்பவர் காதில் அது ஏறியிருக்காது.

"எதுவும் அழியாதுண்ணா. ஞாபகம் அப்படியே இருக்கும். அது உங்களைப் போட்டு அடிக்கிறது குறையும், அவ்வளவுதான். முடியலைன்னா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்."

தலையசைத்தார். பிறகு வில்லைகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

ஒளி ஓடியது, இம்முறை கண்ணும் ஓடியது. விம்மி அழுதார். ஆனால் கையைத் தூக்கவில்லை. நிறுத்தி, மூச்சை இழுத்து விடச் சொன்னேன்.

"என்ன வருது?"

"கைதான். நழுவுது."

மறுபடி ஒளி, மறுபடி அதே கேள்வி. பல சுற்றுகளுக்குப் பின் அவர் முகம் திகைத்தது.

"இப்பவும் கைதான் வருது. ஆனா தண்ணியில இல்ல மேடம். நான் வேகமா ஓட்டுனா பின்னாடி வந்து காதைத் திருகுவா. அந்தக் கையில வெங்காய வாசனை அடிக்கும். இத்தனை நாளா இது எங்க போயிருந்துச்சு?"

வேதனை ஆறுக்கு இறங்கியிருந்தது. இன்னும் சில அமர்வுகள் வேண்டும் என்றேன். அவரே நாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் அவர் ஓட்டிய வாட்டர்பஸ்ஸில் ஏறினேன். அது ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே, ஆபீஸ் போக வேணாமா?" என்று கத்தினார்.

தணிகைவேல் காதைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"வேகமாப் போனா வீட்டுல திட்டுவாங்க சார்."