பத்தாவது வாசகர்

சுப்புராஜ் இரண்டாவது முறையாக அபிப்பிராயம் எழுதியிருந்தார். அதில் தப்பொன்றும் இல்லை, சுப்புராஜ் என்று ஒருவர் இந்த உலகத்திலேயே இல்லை என்பதைத் தவிர.

மொய்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மட்டாஞ்சேரி பஜாரில், மசாலாச் சரக்குக் கிடங்கின் மாடியில் இருக்கும் அந்த வாசகசாலையை இருபத்தெட்டு வருடமாக நடத்துகிறவர் அவர். அங்கே ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர், பின்னட்டையில் ஒட்டிய தாளில் பெயர் போட்டு ஓர் அபிப்பிராயம் எழுதியாக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பரிசோதகர் வந்து அந்தத் தாள்களைத்தான் புரட்டுவார். தாள் வெறுமையாக இருந்தால் வாசகசாலைக்குப் பூட்டு. வாசிக்க ஆள் வராத காலத்தில் மொய்து என்ன செய்வார்? வாசகர்களை உண்டாக்கினார். லாரியின் முதுகிலிருந்து ஒரு பெயர், கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஒரு பெயர். ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு கையெழுத்து. பொய் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எழுதுவார், அவ்வளவுதான்.

‘கடைசி ஓதம்’ அறுபது வருடத்துப் பழைய நாவல். கடல் ஏறி உலகம் முடிகிற கதை. எல்லோரும் புகழ்வார்கள், ஒருவரும் வாசித்ததில்லை, மொய்து உட்பட. அதற்கென்று ஒன்பது வாசகர்களை அவர் படைத்திருந்தார். ‘அபாரம், இரண்டு நாள் தூக்கமில்லை’ என்றார் தேவராக்காரர் சுப்புராஜ். ‘முடிவில் அழுதுவிட்டேன்’ என்றார் திருப்பூணித்துறை சீதாலக்ஷ்மி.

நாளைக்குப் பரிசோதனை. தூசி தட்ட எடுத்தபோதுதான் பார்த்தார். ஒன்பதுக்கும் கீழே, ஈரம் காயாத நீல மையில், மொய்துவின் எந்தக் கையெழுத்திலும் சேராத கையெழுத்தில் இப்படி இருந்தது:

‘அபாரம் என்று நான் சொல்லவில்லை. முடிவு வரை கொண்டுவந்து விட்டுவிட்டீர்கள். திரும்பி வர வழி தெரியவில்லை. – சுப்புராஜ்.’

மணி மூன்று. வெளியே மழை. மொய்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கீழே சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சுமைக்காரனைக் கூப்பிட்டார்.

“அன்சாரே! மேல ஆராச்சும் வந்தாங்களாடா?”

“எந்தா மொய்துக்கா, உங்க லைப்ரரிக்கா? ஒரு எலி போச்சு. கார்டு காட்டச் சொல்ல மறந்துட்டேன்!”

அதற்குள் போன் அடித்தது. பத்ருன்னிசா.

“ஏங்க, நாலு மணிக்கு ஆஸ்பத்திரி, ஓர்மை இருக்கா? ஒரு கண்ணு ஆபரேசன் பண்ணிக் கட்டியிருக்கு, மத்த கண்ணுல பொகைதான் தெரியுது. தனியா ஆட்டோ ஏற என்னால ஆகாது.”

“வரேன், ஒரு புஸ்தகம் மட்டும்...”

“அந்தப் புஸ்தகத்தையே நிக்காஹ் பண்ணியிருக்கலாம் நீங்க. சாயா ஆறுது, வேகம் வாங்க.”

மொய்து சிரித்துக்கொண்டே குடையை எடுத்தார்.

முதலில் போனது வாசம். அந்த மாடியில் அவர் மூச்சு விட்ட இருபத்தெட்டு வருடமும் சுக்கும் மிளகும் வற்றல் மிளகாயும் நனைந்த சாக்கும் கலந்து பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து சட்டையில், தலைமுடியில், வீட்டுத் தலையணையில்கூட ஒட்டிக்கொண்டிருந்த வாசம், யாரோ மூக்கிலிருந்து பஞ்சை உருவியதுபோல, இல்லாமல் போனது. அதன் இடத்தில் உப்பு. பிறகு சத்தங்கள் போயின. கைவண்டிச் சக்கரம், ஆட்டோ ஹாரன், துறையில் படகின் ஊதல், கடைசியில் மழையும். மழை விட்டால் ஓட்டுநுனியில் சொட்டாவது கேட்கும். கேட்கவில்லை.

ஜன்னலைப் பார்த்தார். தெரு இருந்த இடத்தில் தண்ணீர். சாம்பல் நிறம், அலையில்லை. ஜன்னல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கூரைகூட இல்லாமல் கிடந்தது.

“அன்சாரே!”



கதவுக்கு ஓடினார். மழைக்காலத்தில் ஊதிப்போய் மக்கர் பண்ணுகிற கதவுதான். இழுத்தார். காலை நிலையில் ஊன்றி இழுத்தார். சுவரை இழுத்ததுபோல் இருந்தது.

பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

வாசகசாலையில் நீள மேசை ஒன்று, நாற்காலி பத்து. மொய்து திரும்பவில்லை. இரண்டாவது நாற்காலி. மூன்றாவது. யாரோ ஈரத் துணியோடு உட்காருகிற சத்தம். எண்ணாமல் இருக்கப் பார்த்தார். எண்ணினார். ஒன்பது.

கையில் புத்தகம் இன்னும் இருந்தது. தாளில் புதிதாகச் சில வரிகள்.

‘கடைசி அத்தியாயத்தில் ஓர் அறைதான் மிச்சம். பத்து பேர் இருக்க வேண்டிய அறை. ஒருவர் வந்து சேர்ந்தால் கதவு திறக்கும். – சீதாலக்ஷ்மி.’

பத்தாவது நாற்காலி தரையில் உராய்ந்து நகர்ந்தது. அவர் பக்கமாக.

ஆள்தானே வேண்டும்? எழுதினால் போச்சு. பழகிய கை சட்டைப்பையில் பேனாவைத் தேடி எடுத்தது. பெயர். ஏதாவது ஒரு பெயர். ஆயிரம் பெயர் வைத்தவருக்கு ஒன்றும் வரவில்லை. லாரி இல்லை. பத்திரிகை இல்லை. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த மூச்சு.

போன் அடித்தது. திரையில் வெளிச்சமாக ஒரு பெயர். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே பெயர். கை அதைப் பார்த்து எழுதியது.

‘அபாரம். – பத்ருன்னிசா, மட்டாஞ்சேரி.’

மணியோசை பாதியில் அறுந்தது.

கதவு திறந்துகொண்டது. சுக்கு வாசம் முகத்தில் அறைந்தது. மழை. ஹாரன். கீழே அன்சார் யாரையோ வைதுகொண்டிருந்தான். மொய்து மூன்று படி தாவி இறங்கினார். நான்காவது படியில்தான் என்ன எழுதினோம் என்பது உறைத்தது.

ஏறி ஓடினார். கதவு சாத்திக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்தார். நிற்கவில்லை.

இடுக்கு வழியே ஒன்பது நனைந்த முதுகுகள். பத்தாவது நாற்காலியில் மஞ்சள் மேக்ஸி. மடியில் போன்.

“ஏங்க,” என்றாள் பத்ருன்னிசா. “கரண்டு போச்சா? ஒண்ணும் தெரியல.”

“பத்ரு! இங்க! இங்க பாரு!”

அவளுக்குக் கேட்கவில்லை. கையை நீட்டி மேசை மேல் தடவினாள். பக்கத்து நாற்காலியிலிருந்து, நரம்பு தெரிய ஊறி வெளுத்த ஒரு கை வந்து, அவள் விரல்களை மெதுவாகப் பிடித்துக்கொண்டது.

“வந்துட்டீங்களா,” என்று அவள் சிரித்தாள்.