கதவெண்

எதிரே ஜெசிந்தாவின் அறைக் கதவில் எண் மறுபடியும் ஏறியிருந்தது. கமலவேணிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலின் மேலேயே காபியையும் ஊற்றிக்கொண்டாள்.

அந்த உளநல ஆய்வு மையத்தில் ஆளுக்கொரு கதவெண் உண்டு. ஒருவர் எழுதிய கட்டுரையை உலகில் யார் மேற்கோள் காட்டினாலும் அந்த நொடியே அவர் கதவில் எண் கூடும். எண் பெரிதாக இருப்பவருக்குத்தான் சிகிச்சைப் பிரிவின் தலைமைப் பதவி. இருவருமே குழந்தைகளின் அச்ச நோயை ஆராய்கிறவர்கள். கமலவேணி பதினைந்து வருடம் மூத்தவள், கட்டுரைகளும் இருமடங்கு. எண்ணில் மட்டும் நேற்று வந்தவள் முந்திக்கொண்டாள். இதை எந்த மனுஷியால்தான் பொறுத்துக்கொள்ள முடியும்?

கமலவேணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஜெசிந்தாவின் கட்டுரை ஒவ்வொன்றையும் வெளியான அன்றே வரி விடாமல் படித்துவிடுவாள். தன் கட்டுரையில் அந்தப் பெயரை மட்டும் போடமாட்டாள். அதே கருத்தை அரைகுறையாகச் சொன்ன யாரோ ஒரு பழைய ஜெர்மன்காரரைத் தேடிப்பிடித்து அவரை மேற்கோள் காட்டுவாள். போயும் போயும் தன் கையால் அவளுக்கு ஒரு புள்ளி ஏறுவதா?

"எல்லாம் ஜெசிந்தாவும் கூட்டாளிங்களும் மாத்தி மாத்திப் போட்டுக்கிற மேற்கோள் சார்," என்றாள் இயக்குநர் திருவேங்கடத்திடம். "பட்டியல்ல பேரை யார் வேணா போடலாம். எழுதறப்போ மனசுல யார் இருந்தாங்கன்னு பாருங்க. அதுக்குத்தானே தடமறிவி வந்திருக்கு?"

கட்டுரை எழுதும்போது மன ஓட்டத்தைப் பதிவுசெய்யும் நெற்றிப்பட்டை அணிய வேண்டும் என்பது பழைய விதி; இயந்திரத்தை எழுதவிட்டு யாரும் ஏமாற்றக்கூடாதே! அந்தப் பட்டைகளில் சேர்ந்து கிடந்த பதிவுகளைப் படிப்பதுதான் தடமறிவியின் வேலை. எழுதுகிறவர் மனதில் யார் ஓடுகிறாரோ அவருக்கே புள்ளி; புதிதாக எழுதினால் நினைத்த நொடியே ஏறும்.

"உங்க பதிவையும் சேத்துத்தான் படிக்கும். பரவாயில்லையா மேடம்?"

"தாராளமா படிக்கட்டும் சார். எனக்கென்ன பயம்?"

அடுத்த வாரம் தடமறிவி வேலையைத் தொடங்கியது. கமலவேணி தாழ்வாரத்தில் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல நின்றுகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். ஜெசிந்தாவின் எண் சரசரவென்று இறங்கியது. அப்பாடா! இத்தனை வருடத்தில் அவளுக்கு இப்படியொரு சந்தோஷம் வாய்த்ததில்லை.

பிறகு எண் ஏற ஆரம்பித்தது. பழைய இடத்தைத் தாண்டியும் நிற்கவில்லை. கமலவேணி இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"நீங்க சொன்னது சரிதான் மேடம். கூட்டாளிங்க மேற்கோள் பாதிக்கு மேல செல்லாமப் போச்சு."

"அப்புறம் எப்படி சார் ஏறுது?"

திருவேங்கடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாம் உங்க பட்டையிலேர்ந்து. உங்க கட்டுரை ஒண்ணு பாக்கியில்ல, பக்கத்துக்குப் பக்கம் அவங்கதான். பதவி அவங்களுக்குத்தான் போகும். வேற வழியில்ல."

தன் அறைக்குத் திரும்பியபோது வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மேடம், தடமறிவி அறிக்கையைப் பாத்தேன். என் எழுத்தை நீங்க தொட்டுக்கூடப் பாத்ததில்லன்னு நெனச்சிருந்தேன். யாருமே நிஜமா படிக்கலன்னு எழுதறதையே விட்டுடலாம்னு இருந்தேன். இப்ப விடமாட்டேன்."

கமலவேணியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீ எழுதறப்போ... என்னை நெனச்சதுண்டா?"

ஜெசிந்தா சங்கடத்தோடு தலைகுனிந்தாள். "இல்ல மேடம். என்கிட்ட வர்ற பிள்ளைங்க ஞாபகந்தான் வரும்."

பதவி போனதைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

அவள் போனதும் கமலவேணி கதவைச் சாத்திவிட்டு நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டாள். இனி எழுதும் கட்டுரையில் அவள் நினைப்பே தலைகாட்டக்கூடாது. விரட்ட விரட்ட நினைப்பு ஒட்டிக்கொள்ளும் என்று நோயாளிகளுக்குத் தினமும் சொல்கிறவள்தான். தன் விஷயத்தில் அது நினைவுக்கு வரவில்லை. ஜெசிந்தாவை நினைக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வரியைத் தொடங்கினாள்.

எதிர்க் கதவில் எண் ஒன்று கூடியது.