நல்ல வளர்த்தி

கற்றாழை தப்பான பக்கம் சாய்ந்திருந்தது. கமலவேணி அதை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தாளே ஒழிய மனசில் ஏறவில்லை. புருசன் சென்னிமலை வாந்திபேதியில் போய் ஐந்து மாசம். அன்றைக்கு மரத்துப்போனவள்தான். சோறு ருசிக்கவில்லை, அழுகையும் வரவில்லை. நாலு வயசு மகள் ஆத்தாயிக்காகத்தான் எழுந்து நடமாடினாள், அவ்வளவுதான்.

மேட்டூர் அணை கட்டி முடித்த வருசம் அது. பரமத்தி வேலூர் பக்கம், காவிரிக்கரையில் அவர்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். கிள்ளின வெற்றிலையை உள்ளறையில் அடுக்கி, வெளிச்சம் பட்டால் வாடிவிடுமென்று கிழக்கு ஜன்னலில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். எந்நேரமும் பச்சை வெற்றிலையின் கார வாசம், சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம், அதற்கப்பால் அகத்திமரங்களுக்குள் நுழைந்த காற்று வெளியே போகத் தெரியாமல் உரசுகிற சத்தம். தாயும் மகளும் அங்கேதான் படுப்பார்கள். சென்னிமலை செத்ததும் அங்கேதான், மேற்கு மூலையில். காரியம் முடிந்ததும் அந்த மூலையில் வைத்த விளக்கையும் எடுத்துவிட்டார்கள்.

கண்ணேறு படக்கூடாதென்று மகள் பிறந்தபோது அவன் அந்த அறைக்குள் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை அது. மண்ணும் தண்ணீரும் இல்லாமல் நாலு வருசம் பிழைத்தது. இப்போது மடலெல்லாம் வெளுத்து, விரல் தண்டிக்கு இளைத்து, முழ நீளம் ஓடியிருந்தது.

மாமியார் பாப்பாயிக்கு ஒரே பூரிப்பு. "பாரு சாமி, என்னமா நீண்டிருக்குது! நம்மூட்டு நெழலு அப்படி."

"அது வளத்தி இல்லீங்க அத்தை. வெளிச்சம் பத்தாம இழுத்துக்குதுங்க."

"போ கண்ணு, நீளறது ஒரு நோவாமா!"

கொடிக்கால்காரிக்கு நீளம்தான் வளர்ச்சி. கொடி எத்தனை நீளமோ அத்தனை வெற்றிலை. மேட்டுக்காட்டில் வெயிலோடு பிறந்த கமலவேணிக்குத்தான் அந்த நோவு தெரியும். ஆனால் வெளிச்சத்துக்கு ஏங்குகிற செடி ஜன்னல் பக்கம் அல்லவா சாயவேண்டும்? இது மேற்கு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கயிற்றை முறுக்கி ஜன்னல் பக்கம் திருப்பிக் கட்டினாள். விடிந்து பார்த்தால் மூலைக்கே திரும்பியிருந்தது. மறுநாளும் திருப்பினாள். மறுநாளும் அதே கதைதான்.

கடைசியில் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய் ஓட்டைப்பானையில் மணலைப் போட்டு நட்டாள். எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்தால் வெந்துபோகும். அதனால் நாலு நாள் தாழ்வாரத்து நிழல், அப்புறம் காலை வெயில் மட்டும், அப்புறம்தான் முழு வெயில். இருபது நாளில் நடுவிலிருந்து ஒரு புதுக்குருத்து, குட்டையாக, பச்சையாக, நேராக எழுந்தது. அதைப் பார்த்தபோது புருசன் போனபிறகு முதல்தடவையாகக் கமலவேணிக்குச் சந்தோசம் மாதிரி என்னவோ வந்தது.

காட்டுவதற்கு மகளைத் தேடி உள்ளே போனாள்.

ஆத்தாயி மேற்கு மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சாமி பண்றே?"

"சும்மா."

தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். வந்து பார்த்தால் பிள்ளை மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கூட்டிப்போனால் கண் கூசுதென்று முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். தாழ்வாரத்து நிழலில் வைத்துப் பார்த்தாள் கமலவேணி. அங்கேயும் இருக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு மகளுக்குத் தைத்த பாவாடை. கணுக்காலில் புரண்டது. இப்போது முழங்காலுக்கு மேலே நின்றது. மணிக்கட்டு வெளுத்து, இளைத்து, வளையல் கழன்று விழுந்தது. கழுத்தில் பச்சை நரம்பு. கழுத்து இத்தனை நீளமா?

"அப்பனாட்டம் நெடுநெடுன்னு வாரா," என்றாள் பாப்பாயி. திருஷ்டி கழித்தாள்.

அன்றைக்குத்தான் கமலவேணிக்குப் பயம் பிடித்தது. மரத்த கால் விழித்துக்கொள்கிறபோது வலிக்குமே, அப்படி வலித்தது. நாளைக்கு விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அப்பன் ஊருக்குப் போய்விடவேண்டும். யார் தடுத்தாலும் சரி.

விடிந்தது. பிள்ளை பாயில் இல்லை. மூலையில் இருந்தாள்.

தூக்கினாள். எழவில்லை. எலும்பும் தோலுமான பிள்ளை, வேர்விட்ட மாதிரி கனத்தாள்.

கமலவேணி ஓடிப்போய் ஈரச்சாக்கைக் கிழித்தாள். கிழக்கு வெயில் மொத்தமும் உள்ளே பாய்ந்து மூலையில் விழுந்தது. வெறும் சுவர். சுண்ணாம்பு. ஒன்றுமில்லை. பிள்ளை இமைக்கவில்லை.

"ஆத்தா, இங்க பாரு. அம்மாளப் பாரு சாமி."

பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்தாள். பிள்ளை எதைத்தான் பார்க்கிறாள் என்று குனிந்து, அவள் கண் போன திக்கில் பார்த்தாள்.

கொஞ்ச நேரம்தான் பார்த்தாள்.

"அய்யய்யோ, வெத்தல வாடிப்போகுமே! எவ சாக்கக் கிழிச்சது?" பாப்பாயியின் குரல் பின்னாலிருந்து வந்தது. பதில் சொல்லத் திரும்பவேண்டும் என்று கமலவேணி நினைத்தாள். வெயில் பிடரியில் சுட்டது. தலை திரும்பவில்லை. ஐயோ என்றுகூடத் தோன்றவில்லை. வலி போயிருந்தது. பயமும் போயிருந்தது. வெளியே புறப்படவேண்டும் என்று ஏதோ இருந்தது. அது என்னவென்று நினைவு வரவில்லை.

காலடி நெருங்கியது. பாப்பாயியின் குரல் பூரிப்பில் குளிர்ந்தது.

"அட, நீயும் என்னமா வளந்துட்டே கண்ணு!"

எதிரே வெயிலடித்த சுவரில் தாய் நிழலும் மகள் நிழலும், கழுத்து நீண்டு, மூலையைப் பார்த்து ஒருசேர வளைந்திருந்தன. மூலையிலிருந்து ஒரு நிழல் அவற்றை நோக்கி வளைந்து வந்துகொண்டிருந்தது.