முடிந்த நேரம்

வாந்தி சரியாக இரண்டு முறை வந்தது.

குளியலறைக் கதவுக்கு வெளியே, ஒரு கையில் துண்டும் மறு கையில் தண்ணீர்ச் சொம்புமாக நின்றவர் மூன்றாவதற்காகக் காத்திருந்தார். மனைவி இன்னொரு முறை வாந்தி எடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட கணவன் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டார். உள்ளே குழாய் நீர் வாளியில் சொட்டியது. அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். தாழ்ப்பாள் திறந்தது.

"அவ்வளவுதாங்க. இனிமே வராது."

"இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பாரேன்."

இடது கண்ணைப் பொத்தியபடி அவரைப் பார்த்தாள். "ஏன், உங்களுக்குக் கணக்கு குறையுதா?"

குறையவில்லை. அதுதான் விஷயமே. 'திங்கள், 3.40, இடது பக்கம், பத்துக்கு ஏழு, வாந்தி இரு முறை' என்று அவர்தான் எழுதியிருந்தார். இரண்டு நாளுக்கு முன்னால், சனிக்கிழமையே.

அலுவலகத்தில் அவருக்கு 'ரெஜிஸ்டர்' என்று பெயர். பழைய கோப்புகள் பிரிவு. மதியம் மூன்று மணிக்கு மேல் அங்கே கோப்புகளே குறட்டை விடும், அவரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அவர்தான் அங்கே ராஜா: ஆய்வுக்கு முந்தின நாள். பத்து மாதமாக யாரும் தொடாத பதிவேட்டை ஒரே மாலையில் நிரப்பிவிடுவார். நான்கு பேனா வைத்திருப்பார். ஒரு பக்கத்தில் அவசரக் கையெழுத்து, அடுத்த பக்கத்தில் சாவகாசம். நடுவில் ஒரு தேநீர்க் கறை, இரண்டு ஓரத்தில் மடிப்பு. வந்த அதிகாரி யாரும் இதுவரை சந்தேகப்பட்டது கிடையாது. ஒருவர் பாராட்டிவிட்டே போனார்.

டாக்டரம்மா நோட்டைக் கொடுத்தபோது அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"ஒற்றைத் தலைவலிக்கு நாங்க குத்துமதிப்பா மாத்திரை கொடுக்க முடியாது சார். எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியுது, எந்தப் பக்கம், பத்துக்கு எத்தனை, கண்ணு முன்னாடி என்ன தெரியுது, எல்லாம் தினமும் எழுதணும். வலிக்கும்போது அவங்களால எழுத முடியாது. நீங்கதான் எழுதணும்."

"அது என் தொழில் மேடம்."

முதல் நாள் எழுதினார். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் மறந்தது, அதோடு சரி. அவள் என்னவோ ஒவ்வொரு முறையும் படுக்கையிலிருந்து சொன்னாள். அவரும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒழுங்காக "ம்" போட்டார். வருகிற வெள்ளிக்கிழமை நோட்டோடு போக வேண்டும் என்பது சனிக்கிழமை மாலைதான் உறைத்தது. நான்கு பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கை சூடு பிடித்துவிட்டது. நடந்த நாட்கள் முடிந்தும் நிற்க மனம் வரவில்லை. பாதி நிரம்பிய பக்கம் அவருக்குப் பாதி மழித்த முகம் மாதிரி. வியாழன் வரை எழுதித் தள்ளினார். கடைசி வரியில் 4.15, இரு பக்கமும், பத்துக்குப் பத்து. பத்துக்குப் பத்து ஒன்றுகூட இல்லாத பட்டியலை யார் மதிப்பார்கள்? 'முடிந்த நேரம்' என்ற கட்டத்துக்கு வந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க, சாப்பாடு ஆறுது."

பேனாவை மூடிவிட்டு எழுந்து போனார்.

திங்கள் நடந்ததை அனுபவம் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார். பத்தொன்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்துகிறவனுக்கு அவள் தலை எப்போது வலிக்கும் என்று தெரியாதா? தெரியாது என்பது அவருக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்.

நோட்டில் ஒரு மணி என்று இருந்தது. ஒரு மணிக்கு அவள் காய் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். தடித்த திரை போட்ட அறை. நடுப்பகலிலும் உள்ளே கிணற்று இருட்டு. ஈரத்துணி வாடை, தைல வாடை. முள் நகரும் ஓசைகூட மண்டையில் ஆணி அடிப்பதாக அவள் சொன்னதால் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை எப்போதோ கழற்றியிருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கைபேசி வெளிச்சத்தில், முடிந்த நேரம் '6.00' என்றிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். '1.10' என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டார். ஒப்பமில்லாத திருத்தம் செல்லாது.

ஒன்று பத்துக்கு அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

அவருக்கு ஆடலாம் போல இருந்தது. "பாத்தியா! பத்தே நிமிஷம்!"

"பத்து நிமிஷமா?" குரல் கட்டிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. "அஞ்சு மணி நேரமாவது கிடந்திருப்பேங்க. உங்களைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். எங்க போயிட்டீங்க?"

அவர் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. அவள் வாய் திறந்ததையும் பார்க்கவில்லை. தலையணை உறை மட்டும் நகம் கீறிக் கீறி நார் நாராகக் கிழிந்து கிடந்தது.

புதன்கிழமை நேரத்தைத் தொடவில்லை. வலியைவிட, வலிக்கு முன்னால் கண்ணில் ஓடும் அந்த மின்னல் கோடுகளுக்குத்தான் அவள் அதிகம் பயப்படுவாள். 'வளைந்து மின்னும் கோடுகள்' என்று, சும்மா ஓர் அழகுக்காக எழுதிவைத்திருந்தார். அதையாவது இல்லாமல் செய்யலாமே. அலுவலகப் பையிலிருந்து வெள்ளை மையை எடுத்து, அந்த வார்த்தைகளின் மேல் பூசினார். ஊதி உலர்த்தினார்.

பத்தரை மணிக்கு அவள் கேட்டாள்: "என்னங்க, லைட்டைப் போட்டீங்களா?"

"இல்லையேம்மா."

"வெள்ளையா இருக்கு. எல்லாமே. நீங்க எங்க நிக்கிறீங்க?"

எதிரேதான் நின்றார். குனிந்தார். அவள் இரண்டு கண்ணிலும், கருவிழி மேல், பளபளப்பில்லாத வெள்ளை. காய்ந்திருந்தது. தூரிகை போன தடம்கூடத் தெரிந்தது. அவள் மூச்சில் அந்த மையின் வாடை.

ஓடிப்போய் நோட்டில் பூசியதை நகத்தால் சுரண்டினார். ஒரு சுரண்டல். அறையிலிருந்து எழுந்த அலறலில் கை உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நோட்டைத் தொடவே பயந்தார். கிழிக்கலாமா என்று நினைத்தார். எரிக்கலாமா என்றும் நினைத்தார். வெள்ளை பூசியதற்கே இது என்றால், நெருப்பு வைத்தால்?

மருத்துவமனைக்குப் போன் போட்டார்.

"வெள்ளிக்கிழமைதானே சார் உங்களுக்கு?" என்றது ஒரு பெண் குரல். "டைரியில என்ன எழுதியிருக்கீங்க, அத வச்சுத்தான் மேடம் பார்ப்பாங்க."

"அது... நான் எழுதினது..."

"எழுதியிருக்கீங்கல்ல? அது போதும் சார்."

வியாழன். நாலு மணி. அவள் முகத்தில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தார். துணியின் நுனி கட்டிலுக்கு வெளியே தொங்கியது. சொட்டு, சொட்டாகத் தரையில் விழுந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். மின்விசிறி மெல்லச் சுற்றியது.

"இன்னிக்கும் வருமாங்க?"

"வந்தா உடனே போயிடும். நான் பாத்துக்கிறேன்."

காலிக் கட்டம். அப்படியே விட்டால் வலிக்கு முடிவே இல்லை. அது அவருக்குப் புரிந்திருந்தது. ஏழு மணி என்று எழுதினால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எதற்கு அவ்வளவு? செவ்வாய்க்கிழமை ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் அன்று உள்ளே ஐந்து மணி நேரம் இருந்தது, அடித்த கோட்டுக்கு அடியில். இங்கே எதையும் அடிக்கவில்லை. காலி இடம். காலிக்குள் என்ன ஒளிந்திருக்க முடியும்?

நல்ல பேனாவாகப் பார்த்து எடுத்தார். '4.16' என்று எழுதினார். வாழ்க்கையில் எழுதிய பொய்களிலேயே அழகான பொய். ஒரே ஒரு நிமிடம்.

கைபேசியில் 4.15.

அவள் அலறவில்லை. முதுகு மட்டும் வில்லாக வளைந்து மேலே எழுந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு நெரிந்தது.

"இதோ, இதோம்மா. ஒரு நிமிஷம்."

அறுபது வரை எண்ணினார். 4.15.

மறுபடி அறுபது. 4.15.

தெரு அடங்கியிருந்தது. வண்டி கிளம்பவில்லை. உதைப்பதும் கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. நிமிர்ந்தார். விசிறியின் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்தன.

"மணி என்னங்க?"

"நாலே கால்."

ஆயிரம் வரை எண்ணினார். பிறகு எண்ணிக்கை தவறியது. முதலிலிருந்து தொடங்கினார். மீண்டும் தவறியது.

"இப்போ?"

அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார்.

"நாலு பதினாறு ஆச்சும்மா. முடிஞ்சுடுச்சு."

வெள்ளைக் கண்கள் அவர் பக்கம் திரும்பின. பத்தொன்பது வருடமாக அவர் சொன்னதையெல்லாம் நம்பியவள். இதையும் நம்பினாள்.

"அப்போ ஏங்க நிக்கல?"

துணியின் நுனியிலிருந்து பிரிந்த ஒரு சொட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே, உருண்டையாக, அசையாமல் நின்றுகொண்டிருந்தது.